கைச்சூடு பார்க்கும் டோரிகா

கொடுத்த கையை டோரிகா லிகோங்வே உடனே விடுவதில்லை. சோம்பா சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறவள், தேவாலய வாசலில் நிற்கும் பாதிரியார், சம்பள நாளில் வங்கிக் காவலாளி, யார் கை நீட்டினாலும் சரி, நலம் விசாரித்து முடிந்த பிறகும் அந்தக் கை அவர் கைக்குள்ளேயே இருக்கும். கட்டைவிரலால் எதிரே நிற்பவரின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். "வெரலெல்லாம் ஐஸா கெடக்குது. ராத்திரி தூங்கலியா?" என்பார். உருளைக்கிழங்குக்காரி சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொள்வாள். பாதிரியார் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே தலையசைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

மலைக்குக் கீழே உள்ள கல்லூரியில், நூலகத்துக்குப் பின்புறம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறைதான் அவர் வேலை செய்யும் இடம். கதவில் ‘தளர்வுப் பயிற்சி’ என்று பெயிண்டால் எழுதியிருக்கிறது. பரீட்சைப் பயத்தில் தூக்கம் போனவர்கள், வகுப்பில் எழுந்து நின்றால் மூச்சு முட்டுகிறவர்கள், நெஞ்சு படபடக்கிறது என்று மருந்தகத்துக்குப் போய்க் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பியவர்கள், எல்லாரும் கடைசியில் அங்கே வருகிறார்கள். காது மடலில் ஒரு கிளிப், சுண்டுவிரலில் ஒரு பட்டை, அவ்வளவுதான் கருவி. மடிக்கணினித் திரையில் நாடித்துடிப்பு கோடாக ஓடும். பயந்த நெஞ்சின் கோடு ரம்பப் பல்லாக இருக்கும். மூச்சை மெதுவாக்கி, தாடையையும் தோளையும் தளரவிட்டால் பற்கள் மழுங்கி, கோடு சின்னச் சின்னக் குன்றுகளாக உருண்டு வரும். விரலில் சூடு ஏறும். தன் உடம்பு செய்வதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறவன் நாளடைவில் அதைத் தன் சொல் கேட்க வைத்துவிடலாம் என்பது பயிற்சியின் நம்பிக்கை.

ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக இருந்த டோரிகாவை இந்த வேலைக்கு அழைத்து வந்தவர் உளவியல் துறையின் டாக்டர் மக்வேம்பா. வயதில் அவரைவிட மிகவும் இளையவர். வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டம் இது. உதவி வந்தபோது கருவிகள் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. விரல் பட்டையின் ஒட்டும் துணி தேய்ந்து போனபோது, பழைய துணிச் சந்தையில் ஒரு சிறுவர் மழைக்கோட்டை வாங்கி, அதன் கைப்பட்டையை வெட்டி வைத்துத் தைத்தவர் டோரிகாதான். இன்றைக்கும் அந்தப் பட்டையில் பாதி வாத்துப் படம் தெரிகிறது.

ஜூன் பிறந்தால் சிப்பரோனி வந்துவிடும். மலையை மறைத்து, மரங்களை மறைத்து, ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிற தூறல் மூட்டம். நாள் கணக்கில் விலகாது. பரீட்சையும் அப்போதுதான். எல்லாக் கைகளும் குளிர்ந்திருக்கும் காலத்தில் பயந்த கையை எப்படிக் கண்டுபிடிப்பது? வருகிறவர்களை உட்காரவைத்து, மடியில் ஒரு கம்பளியைப் போட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மொதல்ல மழைக் குளிரு எறங்கட்டும். மிச்சம் நிக்கறதுதான் ஒன்னோடது" என்பார்.

சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. அதற்காக மட்டுமே வருகிறவர்களும் உண்டு. பக்கத்துச் சிகண்டா குடியிருப்பில் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துத் தங்கியிருக்கும் பையன்கள் கிளிப்பை மாட்டிய சற்று நேரத்தில் குறட்டை விடுவார்கள். கோடு அழகாக ஓடும். "இவன் பாஸு" என்று சொல்லி, கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, அடுத்து நிற்பவனை நாளைக்கு வரச் சொல்வார்.

கருவியோடு ஓர் ஒலிநாடாவும் வந்திருந்தது. கண்களை மூடு, நீ ஒரு கடற்கரையில் படுத்திருக்கிறாய், அலைகள் வந்து உன் பாதத்தைத் தொடுகின்றன என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் குரல் சொல்லும். கடலில்லாத நாட்டில் அதை ஏரிக்கரை என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார் டோரிகா. ஒரு நாள் ஒரு பையன் பாதியில் கிளிப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். அவன் அண்ணன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன் என்று பிறகு தெரிந்தது. அன்றோடு ஏரியும் போயிற்று, நாடாவும் போயிற்று. இப்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "தலையில தண்ணி வாளி இருக்குது. கெணத்துலேருந்து வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்துட்டே. இப்ப எறக்கி வை, மகளே. எறக்கி வெச்சதும் கழுத்து எப்படி இருக்கும்? அதான்." வாளி தூக்கியே வளர்ந்த பெண்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். பையன்களுக்குக் கொஞ்சம் நாளாகும்.

தெற்குப் பக்கக் கிராமங்களில் இரவில் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் திரிகிறார்கள் என்று வதந்தி கிளம்பிய வருடம், அவர் அறைக்கு ஒருவரும் வரவில்லை. விரலில் பட்டை கட்டி ஒயர் மாட்டுகிற அம்மா வேறு எதைத்தான் எடுப்பாள் என்று விடுதிகளில் பேச்சு. சந்தையில் அவரைக் கண்டால் குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள். அவர் தினமும் கதவைத் திறந்து, தேநீர் போட்டு, தானே குடித்துவிட்டு, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போனார். அதற்காக யாரையும் அவர் திட்டியதில்லை. பயந்தவர்களிடம் கோபித்துக்கொண்டால் தன் பிழைப்பு என்னாவது என்று மட்டும் கேட்டாராம்.

டோரிகாவின் கணவர் ஜோகன்னஸ்பர்க் போய்ப் பல வருடமாகிறது. முதலில் பணம் வந்தது, பிறகு தகவல் வந்தது, பிறகு இரண்டும் நின்றுவிட்டன. ஒரே மகள் பிளான்டயரில் குடும்பமாக இருக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஊரில் அந்த வயதுப் பெண்கள் எல்லாருமே அம்மாதான். ஆனாலும் அவர் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அதிகமாகவே காதில் வாங்கிக்கொள்கிறவர்.

லுசுங்கு முசுக்வா என்ற பெண் அவரிடம் வந்தது சென்ற ஆண்டு. வடக்கே, கரோங்காவில் நெல் விளைவிக்கிறவர்களின் மகள். கணக்கில் அந்த மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். கல்லூரிப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்ததும் கை நடுங்கி, பேனா பிடிக்காமல், வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதே வகுப்பில் மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை தவறினால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். களையெடுப்பு என்று அதற்குப் பெயர். ஆசிரியர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

வாய்த்துடுக்கான பெண். முதல் நாள் திரையில் தன் கோட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னைவிட உங்க மெசினுதான் அதிகமாப் பயப்படுது" என்றாள். டோரிகாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. வாரத்தில் பல நாள் வருவாள். மூச்சை எண்ணுவாள். வாளியை இறக்குவாள். தாடை தளரும், தோள் தளரும். ஆனால் பரீட்சை என்ற சொல்லை டோரிகா சும்மா உச்சரித்தாலே போதும், கோடு மறுபடி ரம்பமாகிவிடும். "இன்னும் சுமக்கறியே, மகளே" என்பார் டோரிகா. "எறக்கி வெச்சா எங்கப்பா கால்லல்ல விழும்" என்பாள் அவள். அவள் படிப்புக்காக ஊர்ச் சபையில் காணிக்கைத் துணிப்பை சுற்றி வந்திருக்கிறது. அவள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்யாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அன்று முழுவதும் அவளுக்கு விரல் சூடாவதில்லை.

திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று டாக்டர் மக்வேம்பா அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். காட்டுவதற்கு நல்லதாக ஒரு கோடு வேண்டும், தூங்குகிற பையன்களின் கோடு உதவாது, மோசமாக ஆரம்பித்துத் தேறிய ஒருவர் வேண்டும் என்றார். டோரிகா லுசுங்குவின் பெயரைச் சொல்லியிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின வாரத்து வியாழக்கிழமை. ஜன்னலில் மூட்டம் அப்பிக்கொண்டிருந்தது. லுசுங்கு வந்தாள், தேநீர் குடித்தாள், கிளிப்பைத் தானே மாட்டிக்கொண்டாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல உக்காரு, அப்புறம் சொல்லு" என்றார் டோரிகா. கோடு தொடங்கியது. முதல் குன்று உருண்டு வந்தது, அடுத்தது வந்தது, வந்துகொண்டே இருந்தது. பல் ஒன்றுகூட இல்லை. டோரிகா பரீட்சை என்று சொல்லிப் பார்த்தார். கோடு அசையவில்லை. கேள்வித்தாளைக் கையில் கொடுக்கிறார்கள் என்று சொன்னார். மணி அடிக்கிறது என்றார். விரலில் சூடு ஏறிக்கொண்டே போனது. அத்தனை வருடங்களில் அவர் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. பக்கத்து அறைக்கு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள். டாக்டர் மெல்லக் கை தட்டினார். டோரிகாவின் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் லுசுங்கு தான் குடித்த கோப்பையை வெளியே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். கம்பளியை மடித்தாள். ஊர்ப் பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் டோரிகாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். வெதுவெதுப்பான கை. என்னமோ சொல்ல வந்தாயே என்று டோரிகா கேட்க நினைத்தார். அதற்குள் டாக்டர் அச்செடுக்கக் கூப்பிட்டுவிட்டார்.

பரீட்சை நாட்களில் காலையில் மண்டப வாசலில் நிற்பது டோரிகாவின் வழக்கம். தன்னிடம் வருகிற பிள்ளைகள் உள்ளே போகும்போது கையை ஒரு தடவை பிடித்து விடுவார். திங்கட்கிழமை காலை எல்லாரும் போனார்கள். லுசுங்கு வரவில்லை. கதவைச் சாத்தும் வரைக்கும் நின்றுவிட்டுப் பெண்கள் விடுதிக்குப் போனார். அவள் கட்டிலில் மெத்தை மட்டும் கிடந்தது. அறைத்தோழி தியோங்கேவுக்கு அன்று பரீட்சை இல்லை. அவள் போர்வையைக் காட்டி அழுதாள்.

"வெள்ளிக்கெழமை இதை என் மேல போட்டா அம்மா. குளுருக்கு நீயே வெச்சுக்கன்னா. வாளியையும் குடுத்தா. சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தா. அத்தை வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, நானும் நம்பிட்டேன்."

லுசுங்குவின் தொலைபேசி அணைந்திருந்தது. நர்ஸாக இருந்தவருக்கு இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தெரியும். பொருளைப் பிரித்துக் கொடுப்பது, கோப்பையைக் கழுவி வைப்பது, திடீரென்று வருகிற அமைதி. ஆஸ்பத்திரியில் எத்தனை பேரின் தாய்மார்கள் அவரிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள், அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தான் என்று.

மலைமேல் ஓர் அணை இருக்கிறது. கல்லூரிப் பிள்ளை ஒருவனை முன்பு அங்கிருந்துதான் பிணமாகத் தூக்கி வந்தார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, விடுதிக் காவலாளி ஸ்டோனார்டைக் கூட்டிக்கொண்டு டோரிகா மலையேறினார். விறகுக்கட்டோடு இறங்கி வந்த பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, ஒல்லியாக, சடை பின்னிய ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டார். கரையில் நின்றால் தண்ணீரே தெரியாத மூட்டம். ஸ்டோனார்ட் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவர்தான் டோரிகாவை இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் டோரிகா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனேனே, ஸ்டோனார்ட். கூட்டியாந்து காட்டுனேன்."

மறுநாள் தியோங்கேவுக்கு அழைப்பு வந்தது. லுசுங்கு கரோங்காவில் இருக்கிறாள். பேருந்து வழியில் பழுதாகி நின்று, ஞாயிறு இரவுதான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். போனை விற்றுத்தான் டிக்கெட் வாங்கினாளாம். அதனால்தான் அழைப்பு போகவில்லை. விடுதிப் படியில் உட்கார்ந்திருந்த டோரிகா, அல்லேலூயா என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். பெண்கள் இருவர் தூக்கிவிட்டார்கள்.

சில நாள் கழித்து டோரிகா, லுசுங்குவோடு பேச அவள் அம்மாவின் எண்ணுக்கு அழைத்தார். திட்டுவதற்கு எல்லாம் யோசித்து வைத்திருந்தார். குரலைக் கேட்டதும் வேறு வந்தது.

"கை சூடா இருக்கா?"

"நெல்லு காயற வெயிலு அம்மா இது. இங்க யாருக்குக் கை குளுரும்?"

திரும்பி வா, டாக்டர் எழுதிக் கொடுப்பார், உடம்பு சரியில்லை என்று விடுப்பு வாங்கி அடுத்த தடவை எழுதலாம் என்றார் டோரிகா. அந்தப் பக்கம் கோழிகளை விரட்டிவிட்டு லுசுங்கு பேசினாள்.

"அப்பா என்கூடப் பேசறதில்லம்மா. சபைக்குப் போனா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. இருந்தாலும் நான் எறக்கி வெச்சுட்டேன். திருப்பித் தூக்கச் சொல்லாதீங்க."

"அன்னைக்கிக் கோடு அப்படி வந்துச்சேடீ. அப்படி ஒரு கோடு வந்தவ ஏன் போகணும்?"

"டிக்கெட்டு பையில இருந்துச்சும்மா. அதான் கோடு அப்படி வந்துச்சு."

லுசுங்குவே தொடர்ந்தாள்.

"சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நீங்க டாக்டரக் கூட்டிட்டு வந்து நின்னீங்க. ரெண்டு பேரும் அத்தனை சந்தோஷமா அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எப்படிம்மா சொல்றது?"

வெளிநாட்டு ஆட்கள் ஆகஸ்டில் வந்தார்கள். டாக்டர் மக்வேம்பா இரண்டு கோடுகளைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். மேலே ரம்பம், கீழே குன்றுகள். முந்தின நாள் டோரிகா அவரிடம் அந்தக் கோடு வேண்டாமே என்று கேட்டிருந்தார். டாக்டர் கெட்டவரில்லை. அவரும் இரவெல்லாம் தூங்காத முகத்தோடுதான் இருந்தார். "டோரிகாம்மா, அவ போனது வேற விஷயம். கோடு பொய் சொல்லலியே. இது இல்லேன்னா அறையைப் பூட்டணும். மத்த பிள்ளைங்க எங்க போவும்?" என்றார். கூட்டத்தில் நரைத்த தலைப் பெண்மணி ஒருவர், அந்த மாணவி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். டாக்டர் டோரிகாவைப் பார்த்தார். டோரிகா எழுந்து நின்று, நன்றாக இருக்கிறாள், கை சூடாக இருக்கிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். திட்டம் நீட்டிக்கப்பட்டது. புதிய சாய்வு நாற்காலி வந்தது.

லுசுங்குவுக்கு எல்லைப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவரோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று தியோங்கே வந்து சொன்னாள். சந்தோஷமாக இருக்கிறாளா என்று டோரிகா கேட்டார். தியோங்கேவுக்குத் தெரியவில்லை. கணக்குப் புத்தகங்களை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கொண்டுபோயிருக்கிறாள் என்றாள். அதைக் கேட்டு டோரிகா அன்று சாயங்காலம் சந்தைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குப் போனார்.

இந்த ஜூனில் மாயேசோ என்று ஒரு பையன் வருகிறான். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குச் சோதனை என்றுதான் அர்த்தம். பெயர் வைத்த அத்தையைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே வருவான். ஏற்கெனவே ஒரு முறை தவறி, களையெடுப்பின் விளிம்பில் நிற்கிறவன். முழுசாக ஓடி முடிந்த பதிவுகளைத்தான் வெளிநாட்டு ஆட்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், பாதியில் நின்றது செல்லாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் ரம்பமாகவே இருந்த மாயேசோவின் கோடு சென்ற வாரம் முதல் முறையாக உருளத் தொடங்கியது. வெளியே மூட்டம். அடுத்த அறையில் டாக்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பையன் கண்ணை மூடியிருந்தான். ஒரு குன்று ஏறி இறங்கியது. அடுத்தது ஏறியது.

டோரிகா மடிக்கணினியின் மூடியை மெதுவாக இறக்கினார். சத்தம் கேட்டுப் பையன் கண்ணைத் திறந்து, "இன்னும் முடியலியேம்மா" என்றான். அவர் அவன் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்க, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.